தாலிக்கு முந்தைய ஏழு மாதம்

6 பிப்ரவரி 2023

தேர்தல் முடிந்தும் பிரதமர் யாரென்று தெரியாமல் நாடு ஐந்து நாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றதே, அதற்கு மறு வருசம் இது. கிள்ளானில் வெள்ளம் வந்து கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர் நின்ற வருசம் போய்விட்டது; கீழ்வீட்டுச் சுவரில் அந்தக் கோடு மட்டும் இன்னும் போகவில்லை. கடையில் முட்டை கிடைக்காமல் ஆளுக்கு ஒரு தட்டு என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். நேற்றுத் தைப்பூசம்.

என் பெயர் அம்மாசி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் தமயந்தி எழுதுகிறாள். முசிறியில் தமிழ் படித்து வாத்தியார் பட்டம் வாங்கியவள். அதனால் நான் பேசுகிறபடி எழுத மாட்டாள், திருத்தித்தான் எழுதுவாள். கெட்ட வார்த்தை வந்தால் புள்ளி வைத்துவிடுவாள். இந்த நோட்டில் புள்ளி நிறைய இருக்கும்.

இதை ஏன் ஆரம்பித்தேன்? போன வாரம் குடிநுழைவு ஆபீஸ் கவுண்டரில் ஒருத்தன், பெரியவரே என்று மலாயில் மரியாதை வைத்து, "பாக்சிக், நீங்க சொல்றது எதுவும் பதிவுல இல்ல" என்றான். என் ஞாபகத்தில் இருக்கிறது, அவன் பதிவில் இல்லை. சரி, இனிமேல் எனக்கும் ஒரு பதிவு இருக்கட்டும்.

என் மகன் குணாளன் கொள்கலன் லோரி ஓட்டினான். போன அக்டோபரில் லோரி சாய்ந்து இடுப்பெலும்பு நொறுங்கியது. படுக்கையில் கிடக்கிறான். வீட்டில் வேலைக்குப் போகத் தெம்புள்ள ஆள் தமயந்தி ஒருத்திதான். அவள் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் தாளில், மலேசியக்காரனின் மனைவி இங்கே தங்கலாம், எந்த வேலையும் செய்யக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. நிரந்தரமாகத் தங்கக் கேட்டு மனு போட்டாயிற்று. அது முடிகிற வரைக்கும் வேலை செய்ய அனுமதி கேட்டு இன்னொரு மனு. இரண்டும் ஒரே ஃபைலில் தூங்குகின்றன.

கல்யாணம் உண்மைதானா என்று பார்க்க ஜனவரியில் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். பல் விளக்கும் பிரஷ் வரைக்கும் எண்ணினார்கள். அவர்களிடம் நான்தான் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

9 பிப்ரவரி

பாலர் பள்ளி நடத்தும் ரெஜினா டீச்சர் வந்தார். தமயந்தி சொல்லிக்கொடுப்பதைக் கோயில் வகுப்பில் பார்த்திருக்கிறார். உடனே வேண்டுமாம்.

"அங்கிள், எனக்கு ஆள் இல்லாம மண்ட காயுது. ஆனா பாஸ்போர்ட்டுல வேலைக்குச் சாப் குத்தாம எடுத்தா என்னையத்தான் புடிப்பாங்க. ஹரி ராயா பெருநாள் வரைக்கும் எடத்த வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது, சொல்லிட்டேன்."

"பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்தா நாடு கவுந்துருமா டீச்சர்?"

"என்னையக் கேட்டா? நானா சட்டம் போட்டேன்?"

அதுவும் சரிதான். டீச்சர் போன பிறகு தமயந்தி குணாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தாள், மலச்சட்டியை எடுத்தாள், கஞ்சி ஊட்டினாள், என் வேட்டியைத் துவைத்தாள். இதெல்லாம் வேலை இல்லையாம். இதையே அடுத்த வீட்டில் செய்து சம்பளம் வாங்கினால் குற்றமாம். இந்தச் சட்டத்தை எழுதினவன் ........

(ஐந்து வார்த்தை சொன்னேன். புள்ளி வைத்துவிட்டாள்.)

14 பிப்ரவரி

லிப்ட் வேலை செய்யவில்லை. குணாவைக் கீழே இறக்க முடியவில்லை. புருசன் நேரில் வராமல் ஃபைலைத் தொட மாட்டார்கள். போகவில்லை.

21 பிப்ரவரி

லிப்ட் ஓடியது. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். காலையில் எடுத்த நம்பர், மத்தியானம் கூப்பிட்டார்கள். கவுண்டரில் ஓர் இளம்பெண், தலைத்துணியில் சின்ன ஊசி குத்தியிருந்தாள். ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"இத நிறுத்தி வச்சிருக்காங்க."

"ஏன்?"

"வீட்டுக்கு வந்து பார்த்தவங்க எழுதியிருக்காங்க. பிப்ரவரி 2019ல பதிவுத் திருமணம். ஒரு வாரத்துல மனைவி இந்தியாவுக்குப் போயிட்டாங்க. செப்டம்பர் வரைக்கும் வரல. ஏழு மாசம் கணவன் மனைவியா வாழலன்னு கணவரோட அப்பாவே சொல்லியிருக்கார்."

தமயந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். குணா நாற்காலியில் இருந்தபடி கண்ணை மூடிக்கொண்டான்.

நான் அந்தப் பெண்ணிடம் மலாயில் விளக்கினேன். ரிஜிஸ்டர் என்பது கையெழுத்து. தாலி ஏறினால்தான் எங்களில் கல்யாணம். தைப்பூசத்துக்கு வந்தபோது கையெழுத்துப் போட்டார்கள், ஆவணியில் முகூர்த்தம் பார்த்துத் தாலி கட்டினோம். இடையில் எப்படிச் சேர்ந்து இருப்பார்கள்? மானம் மரியாதை உள்ள குடும்பம் அப்படிச் செய்யுமா?

"சட்டத்துல கல்யாணம் பிப்ரவரிதான், பாக்சிக்."

"அப்ப மூணு மாசத்துல பிள்ள பெத்திருந்தா ஒங்களுக்குத் திருப்தியா இருந்திருக்குமா?" என்று கத்தினேன். காவலுக்கு நின்றவன் பக்கத்தில் வந்தான். அந்தப் பெண் பெயரட்டையைத் திருப்பிவைத்துவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினாள்.

திரும்பி வந்து எங்கள் லிப்டுக்குள் நுழைந்ததும் குணா கேட்டான்.

"அப்பா, அன்னிக்கு அவங்க கேட்டது எப்பக் கல்யாணம்னுதான?"

"ஆமா."

"அதுக்குப் பதில் சொல்லிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல? 'தாலி ஏறாம எந்தப் பொண்ணும் என் வீட்டு வாசப்படி மிதிச்சதில்ல'ன்னு நெஞ்சத் தட்டிக்கிட்டு யாரு சொல்லச் சொன்னா?"

குடும்பத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னது குற்றமாகிவிட்டது. அதைத் தலைகீழாக எழுதிக்கொண்டு போனவனை யாரும் கேட்கவில்லை.

25 பிப்ரவரி

மூன்று நாளாக எழுதவில்லை. தமயந்திக்குத் தலைவலியாம். இன்றைக்கும் சாதத்தை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். குழம்பில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

3 மார்ச்

பெரிய ஆபீசுக்கு வெளியே மரத்தடியில் மேசை போட்டு மனு நிரப்பித் தருகிறவன் ஒருத்தன் இருக்கிறான், துரைராஜு. விசாரிக்கப் போனோம். தமயந்தியின் ஃபைல் எண்ணைக் கேட்டான், என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"பெருசு, இது ஒரு வரியில முடியுற கேசு. அன்னிக்கு எனக்குக் காது கேக்கல, தப்பாச் சொல்லிட்டேன், பொண்ணு பிப்ரவரியிலேருந்து எங்க வீட்லதான் இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணி ஒரு கடுதாசி குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவன் சட்டையைப் பிடித்தேன். ஏழு மாதம் என் வீட்டில் தாலி இல்லாமல் இருந்தாள் என்று நான் சத்தியம் செய்ய வேண்டுமா? தமயந்திதான் என் கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணே, பாஸ்போர்ட்டுல நான் போன தேதியும் வந்த தேதியும் குத்தியிருக்கு. இவரு சத்தியம் பண்ணா இவரையும் சேத்துதான் புடிப்பாங்க" என்றாள்.

"ஓ" என்றான் துரைராஜு. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்த மட்டுக்கும் மனுசன்.

4 மார்ச்

ராத்திரி தூக்கம் இல்லை. அறுபத்தொன்பது ஞாபகம் வந்துவிட்டது. எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கோலாலம்பூரில் கலவரம் நடந்த வருசம். குடியுரிமை இல்லாதவன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் எங்கள் சுங்கை பிஞ்சாய் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. குடியுரிமை உள்ள நீல கார்டுக்காரன் பால் வெட்டலாம். அது இல்லாத சிவப்பு கார்டுக்காரன் நேற்று வரைக்கும் வெட்டிய அதே மரத்தை வெட்டுவதற்கு மனு போட வேண்டும். எனக்கு நீலம், என் தங்கை பவுனுக்கும் நீலம். எங்கள் அப்பா ஓடியாடி எடுத்து வைத்தது. பவுனைக் கட்டியிருந்த சாத்தையாவுக்குச் சிவப்பு. அவனும் அதே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன்தான். பிறந்ததற்குப் பேப்பர் இல்லை, அவ்வளவுதான்.

தோட்டத்து ஆபீஸ் முன்னால் மேசை போட்டு ஓர் அதிகாரி உட்கார்ந்தார். சாத்தையா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, வரிசையில் நின்றான். பவுனும் பக்கத்தில் நின்றாள். நான் வரிசைக்கு வெளியே.

"எந்த ஊர் ஆள் நீ?" என்று அதிகாரி கேட்டார்.

சாத்தையா நிமிர்ந்து நின்று, "முசிறிப் பக்கம், தொரை" என்றான்.

முசிறியை அவன் பார்த்ததே இல்லை. அவனுடைய அப்பன் அங்கிருந்து வந்தவன். எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு பழக்கம்: ஊர் எது என்றால் அப்பன் ஊரைத்தான் சொல்வோம். சொல்ல ஓர் ஊர் இல்லாதவன் அநாதை என்று நினைப்பு. அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார். பெர்மிட் வரவில்லை. ஊருக்குப் போ என்றார்கள்.

மடையன்! கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாதா? சுங்கை பிஞ்சாய் என்று சொன்னால் வாய் வெந்தா போகும்? தன் கௌரவத்தைக் கொண்டுபோய் அவன் மேசை மேல் வைத்தால், அவன் அதை எடுத்து எழுதிக்கொள்ளத்தானே செய்வான்?

இங்கே தமயந்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா?"

"அது எங்க அப்பா, மாமா."

"தெரியும். எழுது."

"எழுதுறேன். மறுபடி ஒரு தடவ சொல்லுங்க. மடையன்கிறதுலேருந்து."

சொல்லவில்லை. தண்ணீர் கேட்டேன்.

பவுனு போயிருக்க வேண்டியதில்லை. நீல கார்டு. "கட்டிக் கொடுத்த பொண்ணு புருசனோடதான் போகணும்" என்று எங்கள் அப்பா சொல்லிவிட்டார். எழுபது தொடக்கத்தில் நாகப்பட்டினம் கப்பல். பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த ரொக்கியா, பவுனின் கூட்டாளி, பஸ் நிற்கும் இடம் வரை வந்து ஒரு பொட்டலம் டோடோல் இனிப்பு கொடுத்துவிட்டு அழுதாள். கப்பல் போன பிறகு நான் தோட்டத்துக்குத் திரும்பிப் பால் வெட்டினேன். சாத்தையா வெட்டிய மர நிரையையும் சேர்த்து எனக்குக் கொடுத்தார்கள்.

பவுனுக்குக் கடைசியாகப் பிறந்தவள்தான் தமயந்தி. முறைப்பெண். தாயை அனுப்பிய நாட்டுக்கே மகளைக் கொண்டுவந்தேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

19 மார்ச்

மேல்மாடி சாவித்திரி இரண்டு சட்டைக்கு ஹூக் வைக்கக் கொடுத்தாள். கூலிக்குப் பதில் ஒரு கோழி. தமயந்தி வாங்கலாமா வேண்டாமா என்று கதவருகில் நின்றாள்.

"இது வேலையா மாமா?"

"சமைச்சிரு. தடயம் இருக்காது" என்றேன்.

குணா சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

2 ஏப்ரல்

பவுனு போனில் கூப்பிட்டாள். தமயந்தி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நான் போனைக் காதில் வைத்ததுதான் தாமதம்.

"ஏண்ணே, அந்த வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?"

"நம்ம குடும்பத்துப் பழக்கத்தச் சொன்னேன் பவுனு."

"அவன் ஒங்கிட்டப் பழக்கம் கேட்டானா, தேதி கேட்டானா? அன்னிக்கு அவரு ஊரச் சொன்னாரு, இன்னிக்கு நீ தாலியச் சொன்ன. ரெண்டு ஆம்பளையும் மேசைக்கு முன்னால நின்னு மீசைய முறுக்குனீங்க. பொட்டி தூக்குனது நானு. இப்ப எம்மவளும் தூக்கணுமா?"

அதற்கு மேல் லைன் சரியில்லை. எதுவும் காதில் விழவில்லை. வைத்துவிட்டேன்.

3 ஏப்ரல்

லைன் நன்றாகத்தான் இருந்தது என்று தமயந்தி சொல்கிறாள். எழுதுகிறவளுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கக் கூடாது.

24 ஏப்ரல்

ஹரி ராயா முடிந்தது. ரெஜினா டீச்சர் வேறு ஆள் எடுத்துவிட்டார். தகவல் சொல்ல நேரிலேயே வந்தார், ஒரு டப்பா முறுக்கோடு. தமயந்தி காப்பி போட்டுக் கொடுத்து, "பரவால்ல டீச்சர்" என்று சிரித்து வழியனுப்பினாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

முறுக்கை நான் தொடவில்லை. டீச்சர் மேல் கோபம் இல்லை. கோபம் யார் மேல் என்று குணா கேட்டான். டிவியைப் போடச் சொன்னேன்.

8 மே

மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். அதே கவுண்டர், அதே ஊசி குத்திய தலைத்துணி. இந்தத் தடவை வாயே திறக்கக் கூடாது என்று குணா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் பிடியைப் பிடித்திருந்தேன்.

"ஏழு மாசத்துக்கு விளக்கம் வேணும். பெண்ணோட அம்மா வருவாங்களா?"

"இந்தியாவுல இருக்காங்க" என்றாள் தமயந்தி.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "போன்ல முகம் பார்த்துப் பேச முடியுமா? தமிழ் தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருக்காங்களான்னு பார்க்கிறேன்."

ஆள் தேடுவதற்குள் பவுனு திரையில் வந்துவிட்டாள். பின்னால் முசிறி வீட்டுச் சுவர், காலண்டர். வெள்ளைத் தலை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். அதிகாரியின் தலைத்துணியைப் பார்த்ததும் பட்டென்று மலாயில் ஆரம்பித்தாள்.

"சாப்பிட்டாச்சா, மகளே?"

அந்தப் பெண் திடுக்கிட்டாள். ஐம்பத்து மூன்று வருசம் அந்த முசிறியில் யாரிடம் இவள் மலாய் பேசியிருப்பாள்? அதுவும் இப்போது யாரும் பேசாத, எங்கள் தோட்டத்துப் பழைய மலாய்.

"மாச்சிக்," என்று பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள், "நீங்க எந்த ஊர்?"

"சுங்கை பிஞ்சாய் எஸ்டேட்" என்றாள் பவுனு. ஒரு நொடி யோசிக்கவில்லை. "நாலாவது லயம். ஆத்துக்கு அந்தப் பக்கம் கம்பம்."

"உங்க மகள் கையெழுத்துப் போட்டுட்டு ஏன் கணவர் வீட்டுக்குப் போகல?"

"ஒங்கள்ல நிக்கா காந்தோங் இல்லையா? நிக்கா முடிஞ்ச பொண்ண, விருந்து வச்சு அனுப்புற வரைக்கும் தாய் வீட்லயே வச்சிருப்பீங்களே? என் கூட்டாளி ரொக்கியாவுக்கு அப்படித்தான். அவ புருசன் பட்டாளத்துக்குப் போயிட்டான். ஒரு வருசம் அம்மா வீட்ல இருந்தா. அவள யாரும் பொய்ப் பொண்டாட்டின்னு சொல்லலையே? எம்மவளும் அப்படித்தான் இருந்தா. வச்சிருந்தது நான்."

அந்தப் பெண் பேனாவை எடுத்தவள் எழுதாமல் வைத்திருந்தாள்.

"எங்க அக்காவுக்கும் அப்படித்தான், மாச்சிக்" என்றாள் மெதுவாக. பிறகு எழுதினாள். நீளமாக எழுதினாள்.

நிறுத்தி வைத்ததை எடுத்துவிட மேலே எழுதுவாளாம். முடிவு சொல்வது அவள் கையில் இல்லையாம். போனை வைக்கும் முன் பவுனு கேட்டாள்: "அந்தக் கம்பத்துப் பக்கம் போவியா மகளே? ரொக்கியா இருக்காளான்னு பாக்கணும்."

நான் மலாய் பேசுகிறவன்தான். இந்த நாட்டை விட்டு ஒரு நாள்கூட நகராதவன். அந்தக் கவுண்டரில் கத்தத்தான் எனக்குத் தெரிந்தது. இதை எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டாள்.

20 ஜூன்

குணா வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடந்தான். தமயந்தி பின்னாலேயே, தொடாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனாள்.

ஆபீசிலிருந்து ஒன்றும் இல்லை.

12 ஜூலை

வந்துவிட்டது. நிரந்தர மனு அப்படியே கிடக்கிறது. அதற்கு இன்னும் எத்தனை வருசமோ. வேலைக்கான அனுமதி மட்டும் ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு வருசத்துக்கு. வேலை செய்யக் கூடாது என்று அச்சடித்த தாள் அடுத்த பக்கத்தில் அப்படியே இருக்கிறது, அதைக் கிழிக்க மாட்டார்களாம். ஒரு பக்கம் செய்யலாம், மறு பக்கம் செய்யக் கூடாது. இதைப் பார்த்து முதலாளி பயப்படாமல் என்ன செய்வான்?

ரெஜினா டீச்சர் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். காலை வகுப்பில் ஆள் இருக்கிறது, மத்தியான வகுப்பு தருகிறார். திங்கட்கிழமை போகிறாள். புதுச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "மாமா, இனிமே சாயங்காலந்தான் எழுத முடியும்" என்றாள்.

"மகிழ்ச்சிதானப்பா?" என்றான் குணா. மகிழ்ச்சியாம். பிடுங்கி வைத்ததை ஒரு வருசத்துக்குக் கடன் கொடுத்தால் நான் பட்டாசு வெடிக்க வேண்டுமா? எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் எரிகிறது.

16 ஜூலை

பவுனு தீபாவளிக்கு வருகிறாள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அனுமதி, முப்பது நாள். பழைய நீல கார்டை இன்னும் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறாளாம். கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். அங்கே அது எதற்கும் உதவவில்லை, இங்கேயும் உதவாது. கொண்டு வா என்றேன். அவள் பாஸ்போர்ட்டிலும் குத்துவார்கள், வேலை செய்யக் கூடாது என்று. பத்து வயதில் இந்த மண்ணில் பால் வாளி தூக்கியவளுக்கு.

நாளைக்குத் தமயந்திக்கு நேரம் இருக்காது. அதனால் அறுபத்தொன்பதில் மேசைக்கு முன்னால் நின்ற அந்த வரிசையை இன்றைக்கே எழுதிவிடச் சொன்னேன். யார் பதிவிலும் இருக்காது, இதில் இருக்கட்டும்.

முன்னால் நின்றவர் பெரிய வீராசாமி. கப்பலிலேயே காய்ச்சல் கண்டு, நாகப்பட்டினத்தில் இறங்கிய வாரம் செத்தார். அவருக்குப் பின்னால் மருதாயி, இரண்டு பிள்ளைகளோடு; மண்டபம் முகாமில் தங்கியிருந்ததாகக் கேள்வி, அவளும் சின்னவனும் அங்கேயே போய்விட்டார்கள், போன வருசம்வரை கடுதாசி போட்ட மூத்தவனும் இப்போது இல்லை. பிறகு பால் நிறுக்கும் அஞ்சலை. பெர்மிட் கிடைத்தது, ஆனால் அண்ணன் தம்பிகளுக்குக் கிடைக்காததால் கிழித்துப் போட்டுவிட்டுப் போனாள், அவர்கள் எல்லாரும் போன பிறகு துறையூரில் செத்தாள். கோயிலில் மணி அடித்த முத்தையன், அவன் பெண்டாட்டி குப்பாயி, இருவரும் ஒரே மாதத்தில். சாத்தையா தொண்ணூற்றெட்டில். ஊர் எது என்று கடைசிவரை யாரும் அவனைக் கேட்கவில்லை என்று தமயந்தி சொல்கிறாள். முசிறியில் அவனுக்குப் பெயரே மலேயாக்காரன்தான்.

அவனை மடையன் என்று எழுதியிருக்கிறதே, அதை அடித்துவிடு என்றேன். "வேணாம் மாமா, இருக்கட்டும், ரெண்டு பேருக்கும் சேத்து" என்றாள்.

அந்த வரிசையில் நின்றவர்களில், சுங்கை பிஞ்சாய்தான் என் ஊர் என்று சொல்ல, இன்று உயிரோடு இருப்பவள் ஒருத்தி. பவுனு.